அப்பாவின் காரில் இருந்து வந்த ஹேண்ட்பிறேக் கேபிள்: திருத்துவதா, மாற்றுவதா?

கேள்வி இதுதான்: "வீட்டில் நிற்கும் பழைய காரின் ஹேண்ட்பிறேக் பிடிக்கவில்லை, கேபிள் துருவேறி இறுகிவிட்டது. காரோடு வந்த ஒரிஜினல் கேபிளையே திருத்திப் போடலாமா?"

போடலாம். ஆனால் 'ஒரிஜினல்' என்று நீங்கள் பாதுகாக்க வேண்டியது கேபிளின் இரண்டு முனைகளையும் வெளி உறையையும்தான். உள்ளே ஓடும் வயரில் பாசம் வைக்காதீர்கள். காரை நிறுத்தி வைப்பது அந்த வயர். அதில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அது குப்பைக்கு.

நான் கொழும்பு வெள்ளவத்தை. எங்களுடையது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி என்ஜின். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில்தான் வீடு. இறக்கமும் உண்டு, உப்புக் காற்றும் உண்டு. அப்பா காரை நிறுத்தினால் கியரில் போடுவார், பின் ரயருக்கு ஒரு கருங்கல்லும் வைப்பார். ஹேண்ட்பிறேக் லீவர் கைப்பை மாட்டத்தான் பயன்பட்டது.

எடுத்த எடுப்பில் கேபிளைக் குற்றம் சொல்லாதீர்கள். மைனரில் லீவரிலிருந்து இரண்டு கேபிள்கள் தனித்தனியாகப் பின்சில்லுகளுக்குப் போகின்றன. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிவிட்டு (ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போக வேண்டாம்) சில்லுப் பக்கத்துப் பின்னைக் கழற்றுங்கள். இப்போது பிறேக் ட்ரம்முக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன லீவரைக் கையால் இழுத்து விடுங்கள். அது தானாகத் திரும்பி வராவிட்டால் கோளாறு ட்ரம்முக்குள்ளே. எனக்கு வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. தூசி மூடும் ரப்பர் கிழிந்து, உள்ளே சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. அந்தப் பக்கத்துக் கேபிளில் ஒரு குறையும் இல்லை.

இடது பக்கக் கேபிள்தான் இறுகியிருந்தது. அதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். துரு சீக்கிரம் போகட்டும் என்று தண்ணீர் கலந்த பற்றறி அசிட்டில் ஒரு இரவு ஊறப் போட்டேன். காலையில் வயர் வெள்ளிபோல மினுங்கியது. சந்தோஷத்தில் வளைத்துப் பார்த்தேன். டிக் டிக் என்று நாலைந்து இழைகள் முறிந்தன. இந்த வயர் கார்பன் கூடிய, குளிராக இழுத்து நீட்டிய எஃகு. அசிட்டில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். வினாகிரியும் அசிட்தான். அதனால் வயரை எந்த அசிட்டிலும் போட வேண்டாம். முலாம் பூசுபவர்களும் முதலில் அசிட்டில்தான் கழுவுவார்கள். முலாம் வேண்டுமென்றால் நட்டையும் பின்னையும் மட்டும் கொடுங்கள்.

நல்லதாக இருந்த வலது கேபிளை மண்ணெண்ணெய்யில் இரண்டு நாள் ஊறவைத்து, வயரை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துக் கழுவினேன். கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை. பிறகு ஜன்னல் கம்பியில் நெட்டாகத் தொங்கவிட்டு, மேல் முனையில் சைக்கிள் டியூப் துண்டொன்றைப் புனல்போலக் கட்டி, அதில் என்ஜின் ஓயில் ஊற்றினேன். விடியும்போது கீழே வைத்த ஜாம் போத்தலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. கிறீஸைக் கையால் முனையில் அப்பினால் உள்ளே போகாது, முனையில்தான் நிற்கும். எங்கள் கேபிளில் சின்னக் கிறீஸ் நிப்பிள் (உள்ளே கிறீஸ் அடிக்கும் வாய்) ஒன்று இருந்தது, அதன் மேலே எத்தனையோ வருடத்துத் தார். அதைச் சுரண்டி, கிறீஸ் கன்னால் அடித்தபோதுதான் அது எதற்கென்றே புரிந்தது. சில்லுப் பக்க முனையில் வழியும் ஓயிலைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ட்ரம்முக்குள் இருக்கும் பிறேக் ஷூவில் பட்டால் கால் பிறேக்கும் போச்சு.

நான் முறித்த இடது கேபிளைத் தூக்கிக்கொண்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடை நானா பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வயர் எங்கயும் கிடைக்கும். இந்த முனையத்தான் வெட்டி எறிஞ்சிராதீங்க." மைனருக்குப் புதுக் கேபிள் இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள், வரவழைக்கலாம். 90களில் மைனரின் தகரப் பாகங்களை இலங்கையில் அடித்து அங்கே அனுப்பிய நாடு நாம், ஒரு கேபிளுக்குத் தபாலைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று ஒரு வீறாப்பு எனக்கு. லேத் கடையில் புரி போட்ட முனைக்குள் இருந்த பழைய வயரைத் துளைத்து எடுத்தார்கள். இரண்டு ட்ரில் பிட் முறிந்தது. அதே தடிப்பு, அதே இழை எண்ணிக்கையில் புது வயர் விட்டு, பிரஸ்ஸில் நசுக்கிப் பிடித்தார்கள். "வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் கேபிளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சிவக்கச் சூடாக்கினால் அந்த எஃகின் பலம் போய்விடும், முனைக்குப் பக்கத்திலேயே அறும். மாட்டுமுன் ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையில் நானே தொங்கிப் பார்த்தேன். என் எடை 80 கிலோ.

வெளி உறைக்குக் கையால் பிரஷ் போட்டு, மெல்லிய கறுப்புப் பெயின்ட் ஒரு பூச்சு. அது போதும். நசுங்கிய உறையைத் தட்டி நிமிர்த்தி ஏமாறாதீர்கள், வயர் அதே இடத்தில் உரசும்.

சரிசெய்யும்போது முதலில் ட்ரம் துவாரத்தினூடாக ஷூவை இறுக்கி, சில்லு சும்மா சுழலும் அளவுக்கு ஒரு பல் தளர்த்துங்கள். ஷூ தளர்ந்திருக்கக் கேபிளை இறுக்கி ஈடுகட்டுவது கராஜ்களில் வழமையான குறுக்குவழி, நாலு மாதத்தில் பழைய கதைதான். பிறகு லீவரை மூன்றாம் பல்லுக்கு இழுத்து வைத்து, கேபிள் முனைகளில் உள்ள இரண்டு நட்டையும் இறுக்கி, இரு சில்லும் கையால் ஒரே அளவு சிரமத்தோடு சுற்றும்படி பாருங்கள். நட்டைத் திருப்பும்போது புரித்தண்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வயரும் சேர்ந்து முறுகி இழைகள் விரியும். லீவரை இறக்கியதும் இரண்டு சில்லும் தடையில்லாமல் சுழல வேண்டும்.

புது வயர் படிந்து கொஞ்சம் இளகும். எனக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு இடது பக்கம் மட்டும் அரைச் சுற்று இறுக்க வேண்டி வந்தது, அதன் பிறகு தொடவில்லை. அப்பா வந்து ஒழுங்கை இறக்கத்தில் நிறுத்தி, லீவரை இழுத்து, கியரை எடுத்துவிட்டு இறங்கிப் பார்த்தார். கார் அசையவில்லை. "பரவாயில்லை" என்றார். கல்லை டிக்கிக்குள் வைத்தார்.