ஹைலக்ஸுக்கு சைடு ஸ்டெப்பா, ராக் ரெயிலா?

உங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் சைடு ஸ்டெப் (கதவுக்குக் கீழே ஏறுவதற்கு இருக்கும் படி) வளைந்துவிட்டது, அதையே நிமிர்த்தி மாட்டுவதா, ராக் ரெயில் (வண்டியின் பக்கவாட்டு அடியைக் காக்கும் கனமான இரும்புக் குழாய்) போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ராக் ரெயிலே போடுங்கள். வளைந்த சைடு ஸ்டெப்பை நிமிர்த்தித் திரும்ப மாட்டினால் அடுத்த மழையில் அதே கதைதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் தினம் ஓட்டுவதாகச் சொல்கிறீர்கள். குலை ஏற்றும் லோரி போட்ட பள்ளத்தில் டயர் இறங்கும்போது, ஓரத்து மேட்டில் ஸ்டெப் இடித்திருக்க வேண்டும். ஸ்டெப் ஆள் ஏறுவதற்குச் செய்தது, வண்டியின் எடையைத் தாங்காது. நல்ல ராக் ரெயில் சேஸிஸிலேயே, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலேயே, பிடித்திருக்கும். கதவுக்குக் கீழே உள்ள தகடு தப்பிக்கும்.

வாங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து சேஸிஸின் அடி வரை அளந்து பாருங்கள். ரெயில் அதைவிடத் தாழ்ந்து தொங்கினால் வேண்டாம். அப்புறம் குனிந்து, அதன் கால்கள் எங்கே பிடிக்கின்றன என்றும் பாருங்கள். பாடித் தகட்டில் திருகியிருந்தால் அது பெயருக்குத்தான் ராக் ரெயில்.

வயதான அம்மா ஏற வேண்டும் என்றீர்களே, அதுதான் எனக்கும் கவலை. ரெயில் உயரமாக இருக்கும், வெறும் குழாய் ஈரச் செருப்புக்கு வழுக்கும். மேலே சொரசொரப்பான தகடு வைத்து, சற்று வெளியே நீட்டிய வகையைக் கேளுங்கள். போதவில்லை என்றால் ஒரு சின்ன முக்காலி வண்டியிலேயே கிடக்கட்டும்.

வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் செய்யலாம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். சூடுபட்ட இடத்தில் சேஸிஸ் பலவீனமாகலாம், துருவும் அங்கேதான் சீக்கிரம் பிடிக்கும். போல்ட் போடும் வகையை வாங்குங்கள். சேற்றில் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.