மரம் சாய்ந்தது, சுவர் வெடித்தது: பக்கத்து வீட்டால் வந்த சேதத்துக்கு யார் பணம் கட்டுவது?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் குடியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சொல்லியிருக்கும் சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்துபவை.

பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் காற்றில் சாய்ந்து எங்கள் சமையல்கட்டுத் தகரக் கூரையை நசுக்கிவிட்டது. "காற்று அடித்ததற்கு நான் என்ன செய்ய?" என்கிறார். அவர் பணம் தர வேண்டாமா?

மரம் அவருடையது என்பது மட்டும் போதாது. நல்ல மரத்தைப் புயல்காற்று சாய்த்திருந்தால் அவர் மேல் பொறுப்பு விழாது. மரம் பட்டுப்போயோ உளுத்துப்போயோ இருந்து, அது அவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு வெளியே தெரிந்திருந்தால், அவர்தான் கட்ட வேண்டும்.

அதனால் மரத்தை அறுத்து அகற்றும் முன் அடிமரத்தைப் பாருங்கள். உள்ளே பொந்து, கரையான் மண், பட்டையில் காளான், கையால் அழுத்தினால் உதிரும் கறுத்த வேர் என எது இருந்தாலும் கிட்டே போய்ப் படம் எடுங்கள். முறிந்த இடத்தில் ஒரு துண்டை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து அள்ளிப் போய்விட்டால் உங்கள் சாட்சியும் அதோடு போய்விடும்.

பிறகு இரண்டு கூரை வேலைக்காரர்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். எத்தனை தகரம், என்ன நீளம், எத்தனை மரச்சட்டம், கூலி எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். "மொத்தம் இவ்வளவு" என்று எழுதிய சீட்டை வைத்து வாதாட முடியாது. மழை நனையாமல் இருக்க அன்றிரவே வாங்கிய தார்ப்பாய்க்கும் ரசீது வையுங்கள். துருப்பிடித்த பழைய தகரத்துக்குப் புதுத் தகரத்தின் முழு விலையை எதிர்பார்க்க வேண்டாம்; கொஞ்சம் கழிப்பது நியாயமே. வீட்டுக் காப்புறுதி இருந்தால் பத்திரத்தைப் படியுங்கள். அடிப்படைத் தீ காப்புறுதியில் புயல் சேதம் சேராது, வீட்டுடைமையாளர் காப்புறுதியில் வழக்கமாகச் சேரும்.

இன்னும் விழாத, ஆனால் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு இன்றே கடிதம் எழுதுங்கள். படத்தோடு பதிவுத் தபாலில் போகட்டும். "எனக்குத் தெரியாது" என்ற பேச்சுக்கு அதன்பிறகு இடமில்லை. உங்கள் பக்கம் நீண்ட கிளையை எல்லைவரை நீங்களே வெட்டலாம், அவர் நிலத்தில் கால் வைக்காமல். வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் அவருக்குத்தான் சொந்தம்.

வரிசை வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் உடைத்துக் கட்டுகிறார்கள். பொதுச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது. கேட்டால் கண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்கிறார்கள்.

வேலையைக் கொடுத்தவர் வீட்டுக்காரர். பொதுச் சுவரின் தாங்கலைக் கெடுக்கும் வேலையில் பொறுப்பைக் கண்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டு அவர் ஒதுங்க முடியாது. கடிதத்தை இருவர் பெயருக்கும் எழுதுங்கள்.

வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால், அல்லது நேற்றுவரை மூடிய கதவு இன்று இடித்தால், அஸ்திவாரம் அசைகிறது என்று எடுத்துக்கொண்டு பொறியாளரைக் கூப்பிடுங்கள். பழைய வீட்டின் ஆழமில்லாத அஸ்திவாரத்தை ஒட்டிப் புதிதாகக் குழி தோண்டும்போது மண் நழுவுவதுதான் அடிக்கடி நடப்பது.

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று மன்றத்தில் எழுத்தில் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் சேதத்துக்கான பொறுப்பு போய்விடாது.

ஒன்று மட்டும் கவனம்: அவர்கள் அவசரமாகச் சிமெந்து பூசித் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். வேலை முடிந்து, வெடிப்பு வளர்வது நின்ற பிறகே பூச வேண்டும். இல்லாவிட்டால் அதே கோட்டில் மறுபடி வெடிக்கும், "அப்போதே செய்து கொடுத்துவிட்டோம்" என்பார்கள்.

தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கொட்டகையால் எங்கள் சுவர் ஈரமாகிறது.

லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். தொழிலாளர் வீட்டைப் பராமரிப்பது 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி முதலாளியின் கடமை. கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) வாயால் சொல்லி விட்டுவிடாமல் மானேஜருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தடித்துக் கார் கண்ணாடி உடைந்தது. அப்பாதானே கட்ட வேண்டும்?

சட்டப்படி அப்பா என்பதற்காக மட்டும் கட்ட வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டதை நீங்கள் காட்ட வேண்டும். இதில் வழக்குக்குப் போவதைவிட, ரசீதைக் காட்டிப் பாதிப் பாதி பேசுவதே நல்லது.

அடுக்குமாடியில் மேல் வீட்டிலிருந்து கூரை ஒழுகுகிறது.

நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். 7 நாளுக்குள் வந்து பார்த்து, பார்த்து முடித்த 5 நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும். மறுத்துக் காட்டும்வரை கோளாறு மேல் வீட்டில்தான் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. மேல் வீட்டுக்காரர் பழுது பார்க்காவிட்டால் ஸ்த்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லை.

முதலில் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுவின் சமூக நடுவரைக் கேட்டுப் பாருங்கள், செலவில்லை. பேசி முடித்ததை எழுதி, தொகையும் தவணைத் தேதியும் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள்.

அதுவும் ஆகாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. வரம்பு 5,000 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. 198ஆம் எண் பாரத்தில் என்ன நடந்தது, எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று சுருக்கமாக எழுதிப் பதிந்து, எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பியுங்கள். சேதம் 6,200 ரிங்கிட் என்றால் மீதி 1,200ஐ விட்டுக்கொடுத்து இங்கேயே போடலாம், ஆனால் ஒரே சேதத்தை இரண்டு வழக்காகப் பிரிக்க முடியாது. விசாரணை நாளில் படங்கள், விலைச் சீட்டுகள், ரசீதுகள், பதிவுத் தபால் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். சேதம் நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. தீர்ப்பு வந்தும் அவர் கட்டாவிட்டால், அதே நீதிமன்றத்தில் அவர் பொருளைப் பறிமுதல் செய்யும் ஆணைக்கு மனுப் போடலாம்.