ஒரே டெம்ப்ளேட், இரண்டு விலை: நான் ஏமாற்றுகிறேனா?

கேள்வி: அக்கா, நான் பினாங்கில் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு முழு நேரமாக இணையத்தளம் செய்து தருகிறேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பாவின் நண்பர் சேலைக் கடை வைத்திருக்கிறார், அவருக்கு 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) செய்தேன். அடுத்த மாதமே பாயான் லெப்பாஸில் உதிரி பாகம் சப்ளை செய்யும் கம்பெனிக்கு 3,500 வாங்கினேன். கம்பெனிக்கு மலாய், ஆங்கிலம் இரண்டிலும் பக்கங்கள், மற்றபடி இரண்டும் ஒரே வேர்ட்பிரஸ் டெம்ப்ளேட்தான் (முன்கூட்டியே செய்து வைத்த பக்க அமைப்பு). மனசு உறுத்துகிறது. இப்போது சேலைக் கடை அங்கிள் இன்னும் பத்துப் பக்கம் சேர்க்கச் சொல்கிறார். என்ன விலை சொல்வது? – பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, 3,500 வாங்கியதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இடிப்பது அந்த 800தான்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். வாடகை, சாப்பாடு, மோட்டார், நெட், லேப்டாப்புக்கு ஒதுக்குவது, கேடபிள்யூஎஸ்பி சேமநிதியில் நீங்களே போட வேண்டியது (உங்களுக்கு முதலாளி யாரும் போடப் போவதில்லை) எல்லாம் சேர்த்து மாதம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 176 மணி நேரம் வருகிறது, ஆனால் அதில் கொட்டேஷன் எழுதுவது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, ஃபெரி ஏறிப் போய்த் தே தாரிக் குடித்துக்கொண்டே "லோகோ இன்னும் கொஞ்சம் பெரிசா" என்று வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவது, இதற்கெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள். காசாகும் நேரம் 80 மணி இருந்தாலே பெரிய விஷயம். அப்படியானால் மணிக்கு 50 வெள்ளி. சேலைப் படங்களை வெட்டி ஒட்டி, விலைகளை மாற்றி மாற்றிப் போட்டு 40 மணி நேரம் போயிருந்தால் அது 2,000 வெள்ளி வேலை. நீங்கள் மணிக்கு 20க்குச் செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

டெம்ப்ளேட் ஒன்றாக இருந்தால் என்ன? சட்டி ஒன்றுதான் என்று கேட்டரிங்காரர் எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே விலையா சொல்கிறார்? இரண்டு மொழி என்றால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு தடவை, சரிபார்ப்பதும் இரண்டு தடவை. ஆனால் வேலை அதே அளவு, திருத்தமும் அதே அளவு, வாசலில் மெர்சிடிஸ் நிற்கிறது என்பதற்காக மட்டும் விலையை ஏற்றினால், அப்போது மனசு உறுத்தட்டும்.

இன்னொரு இடத்திலும் உறுத்த வேண்டும், அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. டோமேன் (இணையத்தள முகவரி) யார் பெயரில் இருக்கிறது? நிறையப் பேர் அவசரத்தில் தங்கள் ஈமெயிலிலேயே பதிந்துவிடுகிறார்கள். அப்புறம் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் ஈமெயில் அங்கே யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும், இங்கே ஒரு நாள் காலையில் கடையின் இணையத்தளமே இருக்காது, கடைக்காரருக்கு யாரைப் பிடிப்பது என்றும் தெரியாது. டோமேன், ஹோஸ்டிங் (இணையத்தளத்தை வைத்திருக்கும் இடம்) இரண்டும் வாடிக்கையாளர் பெயரில், அவர் ஈமெயிலில் இருக்கட்டும். வருஷா வருஷம் எதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் (காசு கொடுத்து வாங்கும் பிளகின், அதாவது கூடுதல் வசதி, இருந்தால் அதையும்) முதல் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். 800 வெள்ளிக்குச் செய்துவிட்டு அடுத்த வருஷம் திடீரென்று புதுப்பிக்க 600 கேட்பவரைவிட, முதலிலேயே 2,000 சொல்பவர்தான் என் கணக்கில் நியாயமானவர்.

கொட்டேஷனில் எத்தனை பக்கம், எத்தனை தடவை திருத்தம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பதும் இருக்கட்டும். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகு ஆரம்பியுங்கள், தெரிந்தவராக இருந்தாலும். பணம் வராமல் போனால், 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போடலாம், ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போய் நின்றால் கஷ்டம். எஸ்எஸ்எம்மில் (வியாபாரங்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிந்துவிட்டீர்களா? சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60, அவ்வளவுதான். வருமான வரிக்கு உங்களுக்கு பாரம் பி (சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான படிவம்), அதைக் காகிதத்தில் அனுப்பினால் கெடு ஜூன் 30.

இப்போது அங்கிளுக்கு வருவோம். பழைய 800 விலையை இப்போது ஏற்றிக் கேட்க முடியாது, விட்டுவிடுங்கள். பத்துப் பக்கத்துக்கு 20 மணி நேரம் ஆகும் என்றால் இன்வாய்ஸில் 1,000 என்று முழு விலையைப் போட்டு, அதன் கீழே தெரிந்தவருக்கான தள்ளுபடி 200 என்று தனி வரியில் காட்டுங்கள். வெறும் 800 என்று மட்டும் போட்டால் அதுவே உங்கள் விலையாக அந்தத் தெரு முழுக்கப் பரவிவிடும். அதுவும் அதிகம் என்றால் விலையில் கை வைக்காதீர்கள், பக்கத்தைக் குறையுங்கள், ஐந்து போதும். கடை திறக்கும் நேரம், முகவரி, நாலு படம் மட்டும்தான் வேண்டும் என்றால் கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் போடலாம், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்டுக்குள் பேசி முடியுங்கள் தம்பி. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிவிட்டால் சேலைக் கடைக்காரர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.