தண்டட்டி போன வழி

அன்புள்ள ஐயா,

பி.காம். படிக்கிறேன். இலங்கையின் நெருக்கடியைப் பற்றி நண்பர்களோடு பேசும்போது வந்த சந்தேகம் இது. பெரும் பொருளாதார மந்தத்தில் விழுந்த நாடு எப்படி எழுகிறது? 1930களில் அமெரிக்காவைக் காப்பாற்றியது போர்தான் என்கிறார்களே? வீடோ நாடோ, வரவுக்குள் செலவை அடக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

போர் பேச்சை விடுங்கள். அமெரிக்காவில் 1933லேயே உற்பத்தி ஏறத் தொடங்கிவிட்டது. இலங்கையின் கதை வேறு. டாலரில் வாங்கிய கடனை ரூபாய் அச்சடித்து அடைக்க முடியாது. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்டாமல் நிறுத்தியது அதனால்தான்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். பி.காம். படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா? நீங்கள் சிக்கனமாக இருந்தால் உங்கள் அப்பாவின் சம்பளம் குறையாது. ஊரே சிக்கனம் பிடித்தால்? தீபாவளிக்கு யாரும் துணி எடுக்காவிட்டால் மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரர் வேலைக்கு நிற்கும் பையனை அனுப்பிவிடுவார். அந்தப் பையன் வீட்டில் பால் வாங்குவது நிற்கும். ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரவு. எல்லோரும் கையை இறுக்கிக்கொண்ட நேரத்தில் அரசாங்கமும் இறுக்கினால் வரவு எங்கிருந்து வரும்?

மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தாவுக்குக் காது தோளைத் தொடும். துளைக்குள் விரலை விட்டு விளையாடுவேன். அதில் தொங்கிய தண்டட்டி என்ற கனத்த காதணி எங்கே என்று கேட்டால், "கிஸ்திக்குப் போச்சுடா" என்பாள். கிஸ்தி என்றால் நிலவரி. அவள் சொன்னது எந்தக் காலத்தை என்று வெகு பின்னால்தான் புரிந்தது. 1930களின் மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. கிஸ்தியும் கடன் வட்டியும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. பவுண்டுக்கு இவ்வளவு தங்கம் என்று வைத்திருந்த கட்டை பிரிட்டன் 1931 செப்டம்பரில் அவிழ்த்தது, ரூபாயைப் பவுண்டோடு கட்டினார்கள், இரண்டும் சேர்ந்து இறங்கியதால் தங்கத்தின் விலை ஏறியது. கிராமத்துக் காதிலும் கழுத்திலும் கிடந்ததெல்லாம் விலைக்குப் போய் லண்டனுக்குக் கப்பலேறியது. வெள்ளை அரசு தடுக்கவில்லை. அதே சமயம் செலவைக் குறைத்து வரியைக் கூட்டியது. நீங்கள் சொல்லும் வைத்தியம்தான் தம்பி அது!

அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1933 மார்ச்சில் அதிபராகப் பதவிக்கு வந்தபோது நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகளை மூடி, தேறுகிறவற்றை மட்டும் திறந்தார். ஏன் என்று வானொலியில் எளிமையாகச் சொன்னார். பயந்து வங்கியிலிருந்து எடுத்த பணத்தை ஜனங்களே திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் டாலரைத் தங்கத்திலிருந்து அவிழ்த்தார். சாலை, பள்ளிக்கூடம், காடு வளர்ப்பு என்று கூலி கொடுத்தார். எழுவது என்றால் இதுதான்: முதலில் பயம் போகணும், அடுத்து கூலிக்காரன் கையில் காசு வரணும். அவரே 1937ல் பட்ஜெட்டைச் சரிக்கட்டப் போய்ச் செலவை வெட்டினார். வேலையின்மை மறுபடி ஏறியது.

அந்த 1937ஐ உட்கார்ந்து படியுங்கள். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அந்தக் காலத்தில் என்ன நகை விற்றார்கள், எதற்கு விற்றார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.