சின்ன கம்பெனிக்கு ஃப்ரெஷர் டெவலப்பர் எடுக்கிறப்போ எதைப் பாத்து எடுக்கணும்?

எட்டு பேர் இருக்கிற கம்பெனி, முதல் தடவையா ஒரு ஃப்ரெஷர் எடுக்கப்போறோம், இன்டர்வியூல என்ன கேக்கலாம்னு கேட்டிருக்கீங்க. நான் கோயமுத்தூர்ல கிட்டத்தட்ட அதே சைஸ் கம்பெனில இருக்கேன், பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம், ஆள் எடுக்கிறதும் என் பொறுப்புதான். கேள்வியைக் குறைச்சுட்டு வேலையைக் குடுத்துப் பாருங்கன்னுதான் சொல்வேன்.

லிங்க்டு லிஸ்ட்டை ரிவர்ஸ் பண்ணுன்னு வழக்கமான கேள்வி கேட்டா மனப்பாடமா எழுதிடுவாங்க, வீட்டுக்கு அசைன்மென்ட் குடுத்தா சாட்ஜிபிடி எழுதிக் குடுத்துடும். அதனால நாங்க ஒரு சின்ன ப்ராஜெக்ட்டை லேப்டாப்ல போட்டுக் குடுத்து, இதுல ஒரு பக் (புரோகிராம்ல உள்ள தப்பு) இருக்கு, கண்டுபிடின்னு விட்டுடுவோம், பக்கத்துலயே எங்க டெவலப்பர் ஒருத்தர் உக்காந்திருப்பார், அவர்கிட்ட என்ன வேணா கேக்கலாம், கூகுளும் பாக்கலாம்.

நாங்க குடுக்கிற பக் இதுதான்: காய்கறி மண்டில ராத்திரி 2 மணிக்குப் போட்ட பில் முந்தின நாள் கணக்குல வருது, காலைல 6 மணிக்கு மேல போட்டதெல்லாம் சரியா இருக்கு. டேட்டாபேஸ்ல நேரம் யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல சேவ் ஆகுது, நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் கூட, ரிப்போர்ட்டுக்கு டேட்டாபேஸ்லருந்து கணக்கை எடுக்கிற குவெரி அதை நம்ம நேரத்துக்கு மாத்தாமலே தேதிவாரியா கூட்டிடுது, அதனால நடுராத்திரிலருந்து 5:30 வரைக்கும் போட்ட பில்லெல்லாம் முந்தின நாள்ல போய் விழுந்துடும். மண்டிக்காரருக்கு பாதி வியாபாரமே அந்த நேரத்துலதான்ங்க.

இதைச் சரி பண்ணியே ஆகணும்னு இல்ல. புரோகிராமைத் தொடுறதுக்கு முன்னாடி "எந்தெந்த பில் தப்பா வருது, லிஸ்ட் பாக்கலாமா"ன்னு கேக்குறாங்களான்னு பாருங்க. ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி சிஎஸ் முடிச்ச ஒரு பொண்ணுக்கு குவெரி எழுத வரல, ஆனா பேப்பர்ல பில் நேரத்தையெல்லாம் வரிசையா எழுதி அஞ்சரைக்கு நேரா ஒரு கோடு போட்டு "இதுக்கு முந்தின நேரத்துல போட்டது மட்டும்தான் தப்பு சார்"னு காட்டுச்சு. எடுத்துட்டோம், இப்போ ரிப்போர்ட் மாட்யூல் முழுக்க அவங்க கையிலதான் இருக்கு.

இன்டர்வியூவைத் தமிழ்லயே வைங்க. இங்கிலீஷ்ல திணறுற பசங்க தமிழ்ல லாஜிக்கைப் புட்டுப் புட்டு வைக்கிறதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன், டாக்குமென்ட் எழுதுற அளவு இங்கிலீஷ் வேலைக்கு வந்தப்புறம் வந்துடும். ரெஸ்யூம்ல கேப் இருக்குன்னும் ஒதுக்காதீங்க, 2022 பேட்ச்ல பெரிய கம்பெனி ஆஃபர் லெட்டர் கையில இருந்தும் ஜாயினிங் தேதி வராம ரொம்ப நாள் காத்துக் கிடந்தவங்க நெறைய பேர், அது அவங்க தப்பே இல்ல.

ஆனா ஒண்ணு, முதல் மூணு மாசம் தினமும் ஒரு மணி நேரமாவது கூட உக்காந்து கோட் ரிவ்யூ பண்ண ஒரு சீனியர் இருக்கணும். அப்படி யாரும் இல்லைன்னா எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆளையே எடுங்க, புதுசா வர்ற பிள்ளையை அந்தரத்துல விடாதீங்க.

அப்புறம் இந்த பாண்டு விஷயம். விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து, பாதில போனா ரெண்டு லட்சம் மூணு லட்சம் கட்டணும்னு எழுதி வாங்குறாங்க, கான்ட்ராக்ட் சட்டம் 74வது பிரிவுப்படி எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்டஈடுதான் கேக்க முடியும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோல பூட்டி வைக்கிறது அதைவிடக் கொடுமை, மேல படிக்கணும்னாலோ பாஸ்போர்ட் எடுக்கணும்னாலோ அந்தப் பிள்ளை நம்ம கிட்ட வந்து கெஞ்சணும். ஒரிஜினலைப் பாத்து சரிபார்த்துட்டு, ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு, அப்பவே கையில திருப்பிக் குடுத்துடுங்க.