வாசகர் கேள்வி - பதில்: மனு எந்த மேசைக்குப் போக வேண்டும்?

கேள்வி: அமுக்கக் குழு, வெகுசன இயக்கம், அரசியல் கட்சி மூன்றையும் எப்படிப் பிரித்து எழுதுவது? உயர்தரத்துக்குப் படிக்கிறேன்.
மாணவி, புதுக்குடியிருப்பு

ஆட்சியைப் பிடிக்க வேட்பாளரை நிறுத்துவது கட்சி. ஆட்சியில் யார் இருந்தாலும் ஒரு விடயத்தில் அவர்களை அசைக்கப் பார்ப்பது அமுக்கக் குழு. உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம், தங்கைச்சி. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுக்கும் திட்டம் முதலில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பியே வரையப்பட்டது. சிறுபோகத்துக்கே (கோடைகால நெற்செய்கைக்கே) பங்கிட்டுப் பாய்ச்சும் குளத்தில் இது எப்படிச் சரிவரும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் விடாமல் கேட்டார்கள். திட்டம் மாறியது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடிய கடல்நீர் நிலையம் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தவரின் தாகமும் உண்மைதான். ஆனால் அமுக்கக் குழு தன் ஆட்களுக்காகத்தான் பேசும், இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்பது அரசின் வேலை. இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

வெகுசன இயக்கத்துக்கு அங்கத்தவர் இடாப்பு இராது. 1953 ஓகஸ்ட் ஹர்த்தால் அரிசி விலையில் தொடங்கி, அந்த வருடமே பிரதமர் டட்லி சேனநாயக்கவைப் பதவி விலக வைத்தது. 2022 போராட்டம் ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவை அனுப்பியது. இரண்டிலும் ஆள் மாறிய வேகத்தில் அமைப்பு மாறவில்லை.

கேள்வி: எங்கள் குளத்துத் துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) பழுது. மூன்று தடவை பாராளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுத்தோம். படம் எடுத்தார்கள், போனார்கள். வேறு என்ன செய்யலாம்?
கமக்காரர் அமைப்புச் செயலாளர், ஒட்டுசுட்டான்

ஐயா, மனு போன மேசை பிழை. முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறிய குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதற்கு மேலென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். (வீதியும் இப்படித்தான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, ஊர் ஒழுங்கை பிரதேச சபைக்கு. ஒழுங்கைக்குக் கிரவல் கேட்டு அமைச்சருக்கு எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும்.)

அடுத்தது காலம். அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த வருட வேலைகளைத் திணைக்களங்கள் முந்திய வருட நடுப்பகுதியிலேயே பட்டியலிடத் தொடங்கிவிடும். நீங்கள் மார்கழி வெள்ளத்தில் துருசு ஒழுகுவதைக் கண்டு தை மாதம் மனு எழுதுவீர்கள், அப்போது காசு பிரித்தாகிவிட்டது. துருசு வேலையோ தண்ணீர் வற்றிய காலத்தில்தான் செய்யலாம். சிறுபோக அறுவடைக்குப் பின் ஓகஸ்ட், செப்டெம்பர்தான் கைக்கு வரும், ஒக்ரோபர் மழை விழுந்தால் அந்த வருடம் போய்விட்டது. ஆகவே சித்திரை, வைகாசிக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூட்டிவந்து காட்டி, மதிப்பீடு போட வையுங்கள். மதிப்பீடு இல்லாத மனு வெறும் கடிதம்.

மனு ஒரு பக்கம் போதும். குளத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, வயல் ஏக்கர், குடும்பத் தொகை, எந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்காமல் விட்டது, பழுது எந்த இடத்தில். படத்தில் ஒருவர் மீற்றர்க் கோலைப் பிடித்து நிற்கட்டும், வெடிப்பின் அகலம் தெரியும். 'புனரமைத்துத் தருக' என்று பொதுவாக எழுதாமல் 'துருசுக் கதவையும் அணைச்சுவரையும் மாற்றுக' என்று எழுதுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்க வேண்டாம். இதே விடயத்தை, விதைப்புக்கு முன் நடக்கும் போகக் கூட்டத்தில் எழுப்பி, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, அதற்குப் பின் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. பாராளுமன்ற உறுப்பினர் உதவுவது இங்கேதான். குறிப்பில் ஏறிய விடயத்தை அவர் கேட்டால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'ஏன் திருத்தவில்லை?' என்று கேட்டால் மழுப்பலாம். 'எங்கள் குளத்துக்குப் போட்ட மதிப்பீட்டின் பிரதி, இந்த வருடம் தெரிவான குளங்களின் பட்டியல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி: ஊர்வலத்துக்குப் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டுமா?
வாசகர், கிளிநொச்சி

அனுமதி வேறு, அறிவித்தல் வேறு. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி ஊர்வலத்துக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நேரம், பாதை, நோக்கம் எழுதி, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 106 இன் கீழ் பொலிசார் நீதவானிடம் தடைக் கட்டளை வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதில் யார் பெயர், எந்த இடம், எத்தனை நாள் என்று வாசியுங்கள். அது 14 நாளுக்கு மேல் போகாது, அதே நீதவானிடம் மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. பலர் தவறவிடுவது இதைத்தான்.

இன்னொன்று: கிளிநொச்சி வன்னி நிலந்தான், ஆனால் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டுமே வன்னித் தேர்தல் மாவட்டம். உங்கள் வாக்குக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரிடம் போங்கள்.

கேள்வி: கேப்பாப்புலவுச் சனம் முகாம் வாசலில் போராட்டம் இருந்து காணியை மீட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் அதே 2017 இல்தான் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை?
வாசகர், விசுவமடு

கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 இல் விமானப்படை முகாம் வாசலில் இருந்தார்கள். மார்ச் 1 இல் காணிக்குள் கால் வைத்தார்கள். அவர்கள் கேட்டது எல்லையுள்ள நிலம். உறுதியும் அனுமதிப்பத்திரமும் கையில், கொடுக்கக்கூடியவர் வேலிக்கு அந்தப் பக்கம். கடற்படை வசமிருந்த இரணைதீவின் மக்கள் 2018 ஏப்ரல் 23 இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தங்கள் தீவுக்கே போய் இறங்கினார்கள். 2025 இல் வடக்கின் ஏறத்தாழ 5,940 ஏக்கரைக் குறித்து வந்த காணி வர்த்தமானியும் எதிர்ப்புக்குப் பிறகு மீளப்பெறப்பட்டது. இவை எதிலும் விட்டுக்கொடுக்க அரசுக்கு ஆன செலவு ஒரு கையொப்பம், ஒரு வேலி.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இலும் வவுனியாவில் 24 இலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கேட்பது உண்மையை. அதைச் சொன்னால் சொல்பவரே கூண்டில் ஏற வேண்டிவரும். அதனால்தான் காணாமல் போனோருக்கான அலுவலகம் வந்தது, படிவம் வந்தது, பதில் வரவில்லை. அந்தத் தாய்மாரிடம் பிழை தேடுவது நியாயமே இல்லை. அவர்கள் அங்கே இருந்ததால்தான் இந்த விடயம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையிலும் கொழும்பிலும் மூடப்படாமல் இருக்கிறது.

உங்கள் ஊரில் அப்படி ஒரு அம்மா இருந்தால் ஒரு பின்னேரம் ஒதுக்கிப் போய் இருந்து எழுதுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட அல்லது ஒப்படைத்த இடமும் நாளும், கூட நின்றவர் யார், எங்கெங்கே முறையிட்டார், அந்தப் பற்றுச்சீட்டுகள். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசியாக்கி, மூன்று பிரதி மூன்று வீட்டில் வையுங்கள். பதில் தெரியாமலே பல தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்கள் வாயால் மட்டும் சொல்லிவந்தவை அவர்களோடு போய்விட்டன.