11 வயதுப் பையன் தினமும் இரண்டு மணி நேரப் பயிற்சியில் தொழில்முறை கோ ஆட்டக்காரர் ஆக முடியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். பையனுக்கு 11 வயது, இணையத்தில் கோ (கறுப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையில் வைத்து எதிராளியைச் சூழ்ந்து பிடிக்கும் ஆட்டம்) நன்றாக ஆடுகிறான், பள்ளிவிட்டு வந்து தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி, படிப்பும் கெடக்கூடாது, இப்படித் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பதிலைப் படித்ததும் "குழந்தையின் ஆசையில் மண் அள்ளிப் போடாதீர்கள்" என்று யாராவது வருவார்கள், தெரியும். என் வீட்டிலேயே அதைக் கேட்டாகிவிட்டது.

நாங்கள் 2011 முதல் 2017 வரை கொரியாவில் சுவோன் நகரத்தில் இருந்தோம், கணவருக்கு அங்கே வேலை. கோ ஆட்டத்துக்கு அங்கே பாதுக் என்று பெயர். எங்கள் குடியிருப்புக்கு எதிர்க் கட்டடத்தில் கீழே பியானோ வகுப்பு, நடுவில் டேக்வாண்டோ, மேலே பாதுக். சாயங்காலம் பொழுது போகட்டும் என்று ஆறு வயதில் மகனைச் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான். வாத்தியாரைப் பிள்ளைகள் சாபொம்னிம் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் ஒரு காலத்தில் யொன்குசேங், அதாவது கொரிய பாதுக் சங்கத்தின் பயிற்சி மாணவர். அங்கே மாணவர்களைத் தரவாரியாகக் குழு குழுவாகப் பிரித்து ஒருவரோடு ஒருவர் ஆடவைப்பார்கள், வென்றால் மேல் குழு, தோற்றால் கீழே. பதினெட்டு வயதை ஒட்டித் தொழில்முறைத் தகுதி கிடைக்காவிட்டால் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்தவர்களில் ஒருவர்தான் என் மகனுக்கு முதல் கல்லைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், ஆள்காட்டி விரல் நகமும் நடுவிரல் நுனியும் சேர்த்து.

2016 மார்ச்சில் கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் லீ செடோல், ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலோடு ஆடினாரே, அப்போது மகனுக்கு 9 வயது. முதல் மூன்று ஆட்டமும் மனிதன் தோற்றாகிவிட்டது. நான்காவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. சாபொம்னிம் வகுப்பைத் திறந்து வைத்து எல்லாரையும் வரச் சொன்னார். லீ செடோல் வைத்த 78-ஆவது கல் நடுப் பலகையில் விழுந்ததும் சாபொம்னிம் எழுந்து நின்றுவிட்டார், பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டம் முடிந்து லீ செடோல் வென்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த நிலையை எங்களுக்கு மறுபடி அடுக்கிக் காட்டினார். அன்று ராத்திரி மகன் என்னிடம் "நான் சியோல் தோஜாங்கில் சேர வேண்டும்" என்றான்.

தோஜாங் என்றால் யொன்குசேங் ஆகத் தயார் செய்யும் இடம். அந்தக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று கணவரைச் சம்மதிக்க வைத்தது நான்தான், அதை மறைக்கவில்லை. காலை பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், விடுவது இரவு ஒன்பதுக்கு. முதலில் கல் வாழுமா சாகுமா என்ற புதிர்கள், பலகையில் வைத்துப் பார்க்கக் கூடாது, கண்ணாலேயே போட வேண்டும். அப்புறம் ஆட்டம், அப்புறம் பொக்கி. பொக்கி என்பதுதான் என்னை அசத்தியது. ஆடி முடித்த இருநூறுக்கு மேற்பட்ட கல்லையும் கலைத்துவிட்டு, நினைவிலிருந்தே முதலிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வர வேண்டும், எங்கே தப்பு என்று இரண்டு பேருமாகத் தேட வேண்டும். தோற்ற பிள்ளைக்கு அந்தத் தோல்வியை அப்படியே இன்னொரு தடவை கையால் அடுக்குகிற வேலை. சுவோன் வகுப்பில் முதலாவதாக இருந்த என் மகன் இங்கே முதல் நாளே ஐந்து ஆட்டம் தோற்றான். கடைசி ஆட்டம் ஒரு சின்னப் பெண்ணிடம், முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. பொக்கியில் அவள் ஒரு மூலையைத் தொட்டு, "அண்ணா இங்கேயே முடிந்துவிட்டது" என்று மட்டும் சொன்னாள். மகன் ரயிலில் சுவோன் வரும்வரை பேசவில்லை.

இரண்டாவது வாரம் தூக்கத்தில் எண்ண ஆரம்பித்தான். ஹனா, துல், செத். ஆட்டத்தில் நேரம் தீரும்போது கடிகாரம் அப்படித்தான் எண்ணும். நான் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு பதினாறு வயதுப் பையன், கிம்பாப் என்ற சோற்றுச் சுருளை ஒரு கையில் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே புதிர்ப் புத்தகத்தைத் திருப்புவான். அவன் அம்மா குவாங்ஜுவிலிருந்து வந்து சியோலில் ஒற்றை அறை எடுத்து அவனோடு இருந்தார், அப்பா ஊரில். உயர்நிலைப் பள்ளி கிடையாது, தனித்தேர்வு எழுதிக்கொள்வானாம். "இன்னும் இரண்டு வருடம்" என்றார் அந்த அம்மா. நாடு முழுக்க வருடத்துக்குச் சுமார் 15 முதல் 20 பேர்தான் தொழில்முறைக்குள் போகிறார்கள், எல்லா வழியும் சேர்த்து.

மேதைக்கு இதெல்லாம் தேவையில்லை என்று எழுதப்போகிறவர்களுக்கு: லீ சாங்-ஹோ 1986-ல் 11 வயதில் தொழில்முறை ஆனார், குரு சோ ஹுன்ஹியுன் வீட்டிலேயே தங்கிப் படித்தவர். சோ சிகுன் 1962-ல் ஆறு வயதில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போய்க் கோ ஆசான் கிடானி மினோருவின் வீட்டில் வளர்ந்தார், 1968-ல் 11 வயதில் தொழில்முறை. அந்த ஆறு வயதை நினைத்தால் எனக்கு அவருடைய அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார். ஷின் ஜின்சியோ இணையத்தில் ஏகமாக ஆடி வளர்ந்தவர், அது உங்களுக்கு நம்பிக்கை கொடுக்கலாம். ஆனால் அவருடைய பெற்றோர் பூசானில் பாதுக் வகுப்பு நடத்தியவர்கள், அவர் 2012-லேயே, 12 வயதில், உள்ளே போய்விட்டார். ஜப்பானில் 2019-ல் பத்து வயதில் தொழில்முறை ஆன நகமுரா சுமிரேயின் அப்பாவே 9-dan (தொழில்முறையில் உச்சத் தரம்) ஆட்டக்காரர். வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இல்லையா என்றால் இருக்கிறார், அமெரிக்கர் மைக்கேல் ரெட்மண்ட். பதின்ம வயதில் ஜப்பான் போய் இன்செய் என்ற அங்குள்ள பயிற்சி மாணவராகச் சேர்ந்து 1981-ல் தொழில்முறை ஆகி, 2000-ல் 9-dan வரைக்கும் போனார். அவரும் ஊரைவிட்டுப் போனவர்தான்.

மாதம் முடிந்ததும் நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பணத்துக்குப் பயந்து அல்ல, அதை எப்படியாவது புரட்டியிருப்போம். விசா கணவரின் வேலையோடு கட்டியது, அது முடிந்தால் அவனை யாரிடம் விட்டு வருவது? நாத்தனார் இன்றுவரை "அவன் கனவை நீதான் கெடுத்தாய்" என்கிறார். ஒரு மாதம் அந்த எண்ணிக்கையைக் கேட்டுப் படுத்திருந்தால் அவர் அப்படிப் பேசமாட்டார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். 2017-ல் திருச்சி திரும்பினோம். ஒரு பள்ளியில் கொரியச் சான்றிதழை வாங்கவே மாட்டேன் என்றார்கள். மொழிபெயர்த்து, வெளிநாட்டு ஆவணத்துக்கான அப்போஸ்டில் என்ற அத்தாட்சி முத்திரையோடு கொண்டுபோனால் மாற்றுச் சான்றிதழ் எங்கே என்றார்கள், அந்த ஊரில் அப்படி ஒரு தாளே கொடுக்கவில்லை. பதினொரு தடவை அலைந்தேன். கடைசியில் தமிழ் எழுதத் தெரியவில்லை என்று ஒரு வகுப்பு கீழே உட்காரவைத்தார்கள். இருநூறு கல்லை நினைவிலிருந்து அடுக்கும் பிள்ளையை அவன் காதுபடவே மந்தம் என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனை ஆட விடுங்கள். எத்தனை ஆட்டம் ஜெயித்தான் என்று பார்க்க வேண்டாம், தோற்ற ஆட்டத்தை யாரும் சொல்லாமல் அவனாகவே திரும்ப வைத்துப் பார்க்கிறானா என்று பாருங்கள். பார்க்கிறான் என்றால், குடும்பத்தில் ஒருவர் வேலையைவிட்டு அவனோடு வெளிநாடு போகத் தயாரா என்று இந்த மாதமே பேசி முடிவெடுங்கள். 11 என்பது அங்கே சின்ன வயது இல்லை.

என் மகனுக்கு இந்த வருடம் 18 முடிந்தது. அந்தச் சின்னப் பெண்ணிடம் தோற்ற ஆட்டம் அவனுக்கு இன்னும் முழுசாக ஞாபகம் இருக்கிறது, போன பொங்கல் விடுமுறையில்கூட ஹாலில் பலகையைப் போட்டு வைத்துக்கொண்டிருந்தான். திருச்சிப் பக்கம் வந்தால் இங்கேயே பதில் போடுங்கள், உங்கள் பையனோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்து உள்ளதைச் சொல்லுவான்.